நாலு விரற்கடை

பி.காம். படித்த எல்லோருக்கும் ஒரு லாரியைத் தெரியும். காஸ்ட் அக்கவுன்ட்டிங் புத்தகத்தில், ‘ஆபரேட்டிங் காஸ்ட்டிங்’ பாடத்தில் ஓடுகிற லாரி அது. மாதத்துக்கு இருபத்தைந்து நாள் தவறாமல் ஓடும். போகும்போது முழு லோடு, வரும்போது அரை லோடு. ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக என்ன செலவாகும் என்று நாம் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். இன்ஷூரன்ஸும் வரியும் நிலைச் செலவு. வண்டி ஓடினாலும் உண்டு, நின்றாலும் உண்டு. டீசல், ஆயில் எல்லாம் ஓட்டச் செலவு. இரண்டுக்கும் நடுவில் ஒற்றை வரியில் ‘ரிப்பேர்’ என்று ஒரு தொகை போட்டிருப்பார்கள். எதை ரிப்பேர் செய்தார்கள், யார் செய்தார்கள், வண்டி எத்தனை நாள் நின்றது... ம்ஹூம், கேள்வித்தாளில் அதெல்லாம் வராது.

அந்த ஒற்றை வரிக்குள் என்னதான் இருக்கிறது என்று எனக்குக் காட்டியவர் நாமக்கல் பக்கத்தில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் ஒரு மேஸ்திரி. அறுபதை நெருங்குகிற மனிதர். லாரித் தொழில் பற்றி எழுதுவதற்காகப் போன என்னை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, ‘சேம்பர்’ கழற்றப் போனார். நான் காலையில் உட்கார்ந்தவன், இருட்டிய பிறகுதான் எழுந்தேன்.

சேம்பர் என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த வார்த்தை தெரிந்திருக்கும். உயரமான வேகத்தடையில் ‘டமார்’ என்று அடி வாங்கும்போது வயிற்றைக் கலக்குமே, அதேதான். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டி. புத்தகத்தில் ‘சம்ப்’ என்பார்கள். லாரியில் பத்துப் பதினைந்து லிட்டர் ஆயில் பிடிக்கும். பெரிய ரொட்டி சுடும் தட்டு மாதிரி இருக்கும், ஒரு பக்கம் மட்டும் ஆழமாக. அந்த ஆழத்துக்குள் ஒரு குழாய் இறங்கியிருக்கும். குழாயின் நுனியில் கம்பி வலை போட்ட சல்லடை. அதற்கு ஸ்ட்ரெய்னர் என்று பெயர். ஆயில் பம்ப் அதன் வழியாகத்தான் ஆயிலை உறிஞ்சி, ஃபில்டருக்கு அனுப்பி, அங்கிருந்து இன்ஜினின் மூலை முடுக்கெல்லாம் கொண்டுசேர்க்கிறது.

உங்களுக்கு ஒரு ஆச்சரியமான விஷயம் சொல்லட்டுமா? ஓடுகிற இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கின் மேல் உட்கார்ந்து சுற்றுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் தலைமுடியைவிட மெல்லிசான ஒரு ஆயில் படலம் இருக்கிறது. அத்தனை டன் பாரத்தையும் இழுக்கிற இரும்பு, அந்த ஆயிலில் மிதந்தபடிதான் சுற்றுகிறது. ஆயில் வரத்து நின்றால் இரும்பும் இரும்பும் உரசிக்கொள்ளும். அப்புறம் சில நிமிஷங்களிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டுவிடும். டிரைவர்கள் ஆயில் பிரஷர் முள்ளை அடிக்கடி பார்ப்பது இதனால்தான்.

அன்று பட்டறைக்கு வந்த பத்து சக்கர லாரியில் அந்த முள்தான் இறங்கியிருந்தது. ஓனரும் அவரே, டிரைவரும் அவரே. முப்பத்தைந்து வயதிருக்கும்.

“காலைல எடுக்கறப்ப நல்லாத்தான் இருக்குதுங்க மேஸ்திரி. நூறு கிலோமீட்டர் ஓடி சூடாயி, சிக்னல்ல நின்னா முள்ளு அடிக்கு வந்துருது” என்றார். வழியில் வேறொரு பட்டறையில் காட்டியிருக்கிறார். பேரிங் போயிருக்கும், இன்ஜினை இறக்கி மொத்தமாக வேலை பார்த்துவிடலாம், ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் என்று அங்கே சொல்லிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவர் மேஸ்திரியைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பி.காம். மூளை சும்மா இருக்குமா? அவரிடம் கணக்குக் கேட்டேன். மாதத் தவணை 45,000 ரூபாய், அதாவது ஒரு நாளைக்கு 1,500. இன்ஷூரன்ஸ், வரி, பர்மிட் எல்லாம் நாளைக்கு 500 என்று வைத்தாலும் வண்டி சும்மா நிற்பதற்கே தினம் 2,000 ரூபாய். இன்ஜினை இறக்கினால் குறைந்தது ஆறு நாள். ஆக, ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே 12,000 ரூபாய் போய்விட்டது. மறுநாள் ராத்திரி கிளம்பி, தாவணகெரேயில் மக்காச்சோளம் ஏற்றி வந்து இங்கே கோழித் தீவன ஆலையில் இறக்க வேண்டும். அந்த லோடும் போய்விடும். லோடு கொடுப்பவர் அடுத்த தடவை வேறு ஆளைக் கூப்பிடுவார். இந்தக் கடைசி நஷ்டத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எங்களுக்குக் காலேஜில் சொல்லித்தரவில்லை.

மேஸ்திரி உடனே எதையும் சொல்லிவிடவில்லை. ஆயில் அளவு பார்த்தார், சரியாக இருந்தது. மீட்டரே பொய் சொல்லலாம் என்று தன்னிடம் இருந்த வேறொரு மீட்டரை மாட்டிப் பார்த்தார். அதிலும் முள் இறங்கியது. ஃபில்டரை மாற்றினார். அப்போதும் அப்படியே. “சேம்பரக் கழட்டிப் பாத்துருவோம் தம்பி. பாக்காம இறக்க வேண்டாம்” என்றார்.

கேட்பதற்குச் சின்ன வேலை மாதிரி இருக்கிறதல்லவா? அடியில் படுத்து, போல்ட்டுகளைக் கழற்றி, தட்டை இறக்கிவிட்டால் ஆயிற்று. அங்கேதான் சிக்கல். தட்டுக்குக் கீழே காலி இடம் கிடையாது. முன் சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸில் உத்தரம் மாதிரி குறுக்கே ஓடுகிறது. சேஸிஸின் குறுக்குச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஸ்டியரிங் ராடு இருக்கிறது. எல்லா போல்ட்டையும் கழற்றினாலும் தட்டு மூன்று விரல் இறங்கி, ஆக்ஸில் மேல் உட்கார்ந்துகொள்ளும். உள்ளே ஸ்ட்ரெய்னர் தொங்குவதால் பின்பக்கமாக இழுக்கவும் முடியாது. மாடிப்படித் திருப்பத்தில் பீரோ இறக்கியவர்களுக்கு இந்த வேதனை புரியும்.

இது நம்மூர் லாரிக்கு மட்டும் வருகிற தலைவலி அல்ல. அமெரிக்காவில் பிக்கப் வண்டிகளையும் டிரக் என்றுதான் சொல்கிறார்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் பிக்கப்புகள் பலவற்றில், முன் சக்கரங்களுக்கான டிஃபரன்ஷியல் ஆயில் தட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கும். அங்கேயும் இதே கேள்வி: இன்ஜினை வெளியே தூக்குவதா, கீழே இருப்பதை இறக்குவதா, இரண்டும் இல்லாமல் இடுக்கில் வேலையை முடிப்பதா?

மேஸ்திரி மூன்றாவது வழிக்காரர்.

முதலில் வண்டியைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, ஆயில் இளகியதும் வடித்தார். பேட்டரி ஒயரைக் கழற்றினார். சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “நாம அடியில கெடக்கறப்ப எவனாவது செல்ஃப் அடிச்சுட்டான்னா?” பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தார். அப்புறம் இரண்டு ஜாக்கி வைத்து முன்பக்கம் தூக்கினார்கள். கவனியுங்கள், ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கி வைக்கவில்லை, சேஸிஸுக்கு அடியில் வைத்தார்கள். சேஸிஸ் மேலே போகப் போக, முன் சக்கரங்களும் ஆக்ஸிலும் பட்டையோடு சேர்ந்து தொங்க ஆரம்பித்தன. இன்ஜினுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் பிறந்தது. உடனே கனமான மரக்கட்டைகளைச் சேஸிஸுக்கு அடியில் அடுக்கி, பாரத்தை ஜாக்கியிலிருந்து கட்டைக்கு மாற்றினார்கள்.

அந்த இடமும் போதாது. இன்ஜினைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் முன் ஃபவுண்டேஷன் போல்ட்டுகளைக் கழற்றினார்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேனைச் சுற்றியிருக்கும் கூட்டை விலக்கினார்கள். செயின் பிளாக்கை மாட்டி இன்ஜினின் முன்பக்கத்தை மட்டும் மெல்ல மேலே தூக்கினார்கள். மேஸ்திரி இடுக்கில் கையைப் பக்கவாட்டில் வைத்து அளந்தார்.

“நாலு வெரக்கடை. போதும், நிறுத்து” என்றார்.

அதென்ன நாலு என்று கேட்டேன். “மூணு வெரக்கடை தூக்குனா தட்டு வராதுங் சார். அஞ்சு தூக்குனா ஃபேன் போயி ரேடியேட்டர்ல முட்டும், ஹோஸ் இழுத்துக்கும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கணக்கு. இந்த வண்டிக்கு நாலு.” தூக்கிய இடத்தில் கட்டை கொடுத்து இன்ஜினை அதில் உட்கார வைத்தார். செயினை நம்பி யாரும் கீழே போகக் கூடாதாம்.

சுற்றிலும் முப்பது போல்ட்டுக்குக் குறையாது. நாலு மூலைக்கு ஒன்றை மட்டும் கடைசிவரை விட்டு வைத்தார்கள். தட்டு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. உளி வைத்து நெம்பினால் விளிம்பு வளைந்துவிடும், அப்புறம் ஆயுளுக்கும் ஆயில் ஒழுகும். அதனால் மெல்லிய தகட்டை நுழைத்து, மரச் சுத்தியால் தட்டித் தட்டிப் பிரித்தார். தட்டு இறங்கி, முன் விளிம்பு கிராங்க்கில் இடித்து நின்றது. “பையா, ஒரு கால் சுத்து திருப்பு” என்று குரல் கொடுத்தார். முன்பக்கம் நின்ற இருபது வயதுப் பையன் ஸ்பேனர் போட்டுக் கையால் கிராங்க்கைத் திருப்பினான். உள்ளே தொங்கிக்கொண்டிருந்த கை மாதிரியான பகுதி மேலே போயிற்று. மேஸ்திரி அந்த இடுக்கில் கையை விட்டு, கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் ஸ்ட்ரெய்னர் குழாயின் இரண்டு போல்ட்டுகளைத் தடவியே கழற்றினார். ஸ்ட்ரெய்னர் ‘டங்’ என்று தட்டுக்குள் விழுந்தது. தட்டைப் பின்பக்கம் சாய்த்து இழுத்தார், வந்துவிட்டது!

ஓனர் அதற்குள் தரையில் மண்டி போட்டுவிட்டார்.

ஸ்ட்ரெய்னர் வலையைப் பார்த்ததும் எனக்கே விஷயம் விளங்கிவிட்டது. வலையின் முக்கால் பாகத்தை ரப்பர் நூடுல்ஸ் மாதிரி ஏதோ அடைத்திருந்தது. முன்பு எப்போதோ, எந்த ஊரிலோ சேம்பரைக் கழற்றி மாட்டியவர்கள், ஒழுகக் கூடாது என்று விளிம்பெல்லாம் சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளி அப்பியிருக்கிறார்கள். வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிட்டார்கள். உள்ளே பிதுங்கியதை யார் பார்த்தார்கள்? அது துண்டு துண்டாக உதிர்ந்து ஆயிலில் மிதந்து வந்து, சல்லடையில் சேர்ந்துவிட்டது. இன்ஜினுக்கு ஆயில் போகும் தொண்டையே அடைபட்டிருந்தது.

“அப்ப பேரிங் நல்லாருக்குதுங்களா?” என்று கேட்டார் ஓனர்.

மேஸ்திரி பதில் சொல்லாமல் மறுபடி அடியில் போனார். கனெக்டிங் ராடு ஒன்றின் மூடியைக் கழற்றி, பேரிங்கை வெளியே எடுத்து வந்து வெளிச்சத்தில் காட்டினார். சாம்பல் நிறத்தில் மங்கலாக, வழவழவென்று இருந்தது. மேல் பூச்சு தேய்ந்திருந்தால் உள்ளே இருக்கும் செம்பு நிறம் எட்டிப் பார்க்குமாம். இன்னொரு மூடியையும் கழற்றிப் பார்த்தார். அதிலும் செம்பு இல்லை. “ஒண்ணும் ஆகல தம்பி. கொஞ்ச நாள் இப்படியே ஓட்டியிருந்தீன்னா செம்பு என்ன, கிராங்க்கே போயிருக்கும். முள்ளப் பாத்தயே, அது போதும்.”

அதன் பிறகு நடந்ததெல்லாம் பொறுமை. தட்டையும் சல்லடையையும் டீசலில் கழுவினார்கள். பழைய பேஸ்ட்டைச் சுரண்டி எடுக்கவே ஒரு மணி நேரம் ஆனது. பேரிங் மூடிகளை டார்க் ரெஞ்ச் வைத்து அளவாக முறுக்கினார். புதுப் பேக்கிங் வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு மாற்றி மாற்றி இறுக்கினார். இன்ஜினை நாலு விரற்கடை இறக்கி, ஃபவுண்டேஷனில் உட்கார வைத்தார்கள். புது ஆயில் ஊற்றினார்கள். உடனே ஸ்டார்ட் செய்யவில்லை. ஸ்டாப் குமிழை இழுத்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் மட்டும் அடித்தார்கள், டீசல் எரியாமல் இன்ஜின் சுற்றி, ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரட்டும் என்று. முள் மெல்ல அசைந்து மேலே ஏறியதைப் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் செய்தார்கள்.

மணி ஏழு. வண்டியை ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு வந்து நிறுத்தினார் ஓனர். முள் இறங்கவில்லை.

‘எதற்குமே இன்ஜினை இறக்காத மேஸ்திரி போலிருக்கிறது’ என்று நீங்கள் நினைக்கலாம். அதே பட்டறையின் மூலையில் இன்னொரு வண்டியின் இன்ஜின் இறக்கிக் கிடந்தது. அதன் கிராங்க்கில் கோடு விழுந்துவிட்டது. கிராங்க்கை வெளியே எடுத்து, கிரைண்டிங் பட்டறைக்கு அனுப்பி, இன்ச்சில் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது என்று படிப்படியாகச் சாணை பிடித்து, அந்த அளவுக்கு ஏற்ற பேரிங் போட வேண்டும். அதை அடியில் படுத்துக்கொண்டு செய்ய முடியாது. “அதையும் சேம்பரக் கழட்டிப் பாத்துட்டுதான் சொன்னேன். இறக்க வேண்டியத இறக்காம விட்டாலும் பாவம்தானுங்களே” என்றார்.

இப்போது பில்லுக்கு வருவோம். மேஸ்திரி கூலியாக வாங்கியது 3,500 ரூபாய். ஆயில், ஃபில்டர், பேக்கிங் தனி. இதே வண்டிக்கு இன்ஜினை இறக்கி ஏற்றியிருந்தால் கூலி மட்டும் என்ன வாங்கியிருப்பார் என்று கேட்டேன். பன்னிரண்டாயிரத்துக்குக் குறையாதாம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த இளைஞருக்கு ஒரு லட்சத்தையும், ஆறு நாளையும், ஒரு லோடையும் மிச்சப்படுத்திய மனிதருக்குக் கூலி 3,500. எதையும் யோசிக்காமல் இறக்கியிருந்தால் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். கழற்றிய போல்ட்டுக்குக் கூலி உண்டு. கழற்றாமல் விட்ட போல்ட்டுக்குக் கிடையாது. ஆனால் எந்த போல்ட்டைத் தொட வேண்டாம் என்று தெரிந்துகொள்ளத்தானே அவருக்கு நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது? பாத்ரூம் டைல்ஸை மொத்தமாகப் பெயர்க்காமல், காதை வைத்துக் கேட்டே கசிகிற இடத்தைக் கண்டுபிடிக்கும் பிளம்பரை உங்களுக்கும் தெரிந்திருக்கலாம். அவரிடம் ‘அரை மணி நேர வேலைக்கு ஐந்நூறா?’ என்றுதான் பேரம் பேசுகிறோம். மூன்று நாள் உடைத்துக் கொட்டுகிறவரிடம் கேட்ட தொகையை எண்ணிக் கொடுக்கிறோம். உழைப்பைத் தூசியையும் சத்தத்தையும் வைத்து அளந்து பழகிவிட்டோம்.

ஏன் இப்படிக் குறைந்த கூலிக்கு மெனக்கெடுகிறீர்கள் என்று மேஸ்திரியிடமே கேட்டுவிட்டேன். கையில் மரத்தூளையும் சோப்புத் தூளையும் போட்டுத் தேய்த்தபடி, “அவன் வண்டி ஓடுனாத்தானுங்களே திரும்ப நம்மகிட்ட வருவான்?” என்று சிரித்தார். இதைவிடப் பெரிய வாணிபப் பாடம் எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

இதில் இன்னொரு செலவும் உண்டு, அது எந்தப் பில்லிலும் ஏறாது. அன்று பகல் பூராவும் அவர் அந்த வண்டிக்கு அடியில், முகத்துக்கு ஒரு முழத்துக்கு மேல் பல டன் இரும்பு தொங்க, மல்லாந்து கிடந்தார். கண்ணில் ஆயில் சொட்டும். சூடு ஆறாத சைலன்சர் குழாய் கையைச் சுடும். ஜாக்கியின் எண்ணெய் கசிந்தால் அது சொல்லிவிட்டு இறங்காது. செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ முட்டுக் கொடுத்தால் அது விரிசல்கூட காட்டாமல் நொறுங்கும். அதனால்தான் அவர் பட்டறையில் கட்டைக்கு அத்தனை மரியாதை. கட்டை வைக்காமல் அடியில் நுழைந்த பையனை அவர் அன்று திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

காலம் மாறுகிறது. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 லாரிகளில் கோளாறைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டரை மாட்டுகிறார்கள். ஆயில் பிரஷர் குறைவு என்று திரையில் எழுத்து வருகிறது, சந்தோஷம். சல்லடையில் அடைத்திருப்பதை எடுக்க அப்போதும் ஒருவர் அடியில் படுத்தாக வேண்டும். 2025 அக்டோபர் 1-ம் தேதியிலிருந்து தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று சட்டம் வந்திருக்கிறது. மேலே உட்காருபவருக்கு இத்தனை காலம் கழித்தாவது ஒரு நல்லது நடந்திருக்கிறது. அடியில் படுப்பவருக்கு இரண்டு நல்ல ஸ்டாண்டும் ஒரு கண்ணாடியும் ஒரு ஜோடி கையுறையும் கிடைத்தால்கூடப் போதும். அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வண்டி விடும் முதலாளிகள் மனசு வைத்தால் நாளைக்கே வாங்கித் தந்துவிடலாம்.

நீங்கள் லாரி ஓனராக இல்லாமல் இருக்கலாம். ஆனால் நெடுஞ்சாலையில் காரிலோ பஸ்ஸிலோ போகிறவர்தானே? ஓரமாக ஒரு லாரி நிற்கும். பின்னால் நாலு கல்லும் ஒரு வேப்பங்கொத்தும் போட்டிருப்பார்கள். லாரிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் ரோட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். பட்டறையில் இருக்கிற கட்டையும் செயின் பிளாக்கும் அங்கே அவருக்குக் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு போல்ட்டை விரலால் தடவித் தேடிக்கொண்டிருப்பார். பெரிய வண்டி வேகமாகக் கடந்தால் அந்தக் காற்றிலேயே நிற்கிற லாரி ஆடும்.

அந்தக் கால்களைப் பார்த்தால் வேகத்தைக் குறையுங்கள். கொஞ்சம் தள்ளிப் போங்கள். ஹாரன் வேண்டாம்.